இன்னும் ஒரே ஒரு மேட்ச் கேட்பவர்களுக்கு

ரெஸ்லர் அண்டர்டேக்கர் திரும்பி வருவார் என்று இன்னமும் காத்திருக்கும் நண்பர்களுக்கு,

ஒவ்வொரு வருடமும் முப்பது ரெஸ்லர்கள் இறங்கும் ராயல் ரம்பிள் வரும்போது, முப்பதாவது ஆளாக யார் வருவார் என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரே பதில்தான். அரங்கில் விளக்கு ஒரு நொடி அணைந்தால் போதும், மணி அடிக்கப் போகிறது என்று நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறீர்கள். அவர் 2020 நவம்பர் 22 அன்று முறைப்படி விடைபெற்றார். அதற்குப் பிறகும் உங்கள் கோரிக்கை மாறவில்லை. முதலில் இன்னொரு மூத்த ரெஸ்லரான ஸ்டிங்கோடு ஒரு மேட்ச் கேட்டீர்கள். 2024 மார்ச்சில் ஸ்டிங்கே ஓய்வுபெற்றுவிட்டார். அப்புறம் வேறு பெயர்களைச் சொல்லிக் கேட்கிறீர்கள். ஆள்தான் மாறுகிறார், "இன்னும் ஒரே ஒரு மேட்ச்" மட்டும் மாறவே இல்லை.

அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

ஓய்வு என்று அவர் சொன்னதை நீங்கள் ஏன் நம்பவில்லை என்பது எனக்குப் புரிகிறது. நம்பாமல் இருக்கத்தானே நம்மைப் பழக்கினார்கள். 1994 ராயல் ரம்பிளில் யோகோசூனாவோடு சேர்ந்து ஒரு பட்டாளமே வந்து அவரைச் சவப்பெட்டியில் தள்ளி மூடியது. ஆகஸ்டில் திரும்பி வந்தார். 1996 அக்டோபரில் உயிரோடு குழியில் போட்டு மண் தள்ளினார்கள். அடுத்த மாதமே வந்து நின்றார். 1998 ஜனவரியில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் தீயே வைத்தான், கதைப்படி அவருக்குத் 'தம்பி'யான கேன். இரண்டு மாதத்தில் அதே தம்பியை, வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் தோற்கடித்தார். 2003-ல் மறுபடி மண், 2010-ல் மறுபடி மண். ஒரு ஆளை இத்தனை தடவை புதைத்த பிறகு, மைக்கைப் பிடித்து 'என் காலம் முடிந்தது' என்று அவரே சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நம் ஊரில் இந்த நம்பிக்கைக்குக் காலும் கையும் வேறு முளைத்தன. அவருக்கு ஏழு உயிர், அதில் இத்தனை போய்விட்டது, இன்னும் இத்தனை பாக்கி என்று கணக்கு வைத்திருந்த வகுப்புத் தோழன் இல்லாத பள்ளிக்கூடம் தொண்ணூறுகளில் உண்டா? ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டில் அவர் சீட்டு கைக்கு வந்தவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அக்‌ஷய் குமார் நடித்த இந்திப் படம் 'கிலாடியோன் கா கிலாடி' 1996-ல் வந்தபோது, அதில் அண்டர்டேக்கரையே தூக்கி அடிக்கிறாராம் என்று பேச்சு பரவியது. அடி வாங்கியவர் நிஜ அண்டர்டேக்கர் இல்லை, பிரையன் லீ என்ற ரெஸ்லர். இதில் வேடிக்கை என்னவென்றால், 1994-ல் அண்டர்டேக்கர் ஆடிய கம்பெனியே அவருக்கு இரட்டை வேஷம் போட ஒரு போலி அண்டர்டேக்கரைக் கொண்டுவந்ததே, அந்தப் போலியும் இதே பிரையன் லீதான். சம்மர்ஸ்லாமில் அசலிடம் தோற்றுப் போனவர், இரண்டு வருடம் கழித்து பம்பாய் சினிமாவில் அசலாக வந்து நின்றுவிட்டார். நாமும் பல வருடம் சந்தேகப்படவே இல்லை.

சாகாதவர் என்ற இந்த நினைப்புக்குள் ஒரு மனிதர் இருந்தார். அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

மார்க் காலவே, டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் 1965 மார்ச் 24 அன்று ஐந்து ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், கல்லூரியில் கூடைப்பந்து, அங்கிருந்து ரெஸ்லிங். ஆரம்ப வருடங்களில் ஊருக்கு ஒரு பெயர், கம்பெனிக்கு ஒரு முகமூடி. 1990-ல் டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனியில் 'மீன் மார்க்' என்ற பெயரில் செங்கல் நிறத் தலைமுடியோடு நின்ற அந்தப் பையனைப் பார்த்து, நீ மேட்ச் ஆடுவதை யாரும் காசு கொடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உடனே வேறு இடம் தேடினார். போட்டிக் கம்பெனியின் முதலாளி வின்ஸ் மக்மஹன் அழைத்தார். ஆனால் என்ன வேஷம் என்று சொல்லவில்லை.

அந்த சமயம் வின்ஸின் நிகழ்ச்சிகளில் ஒரு ராட்சத முட்டையை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்து, இதிலிருந்து என்ன வெளிவரும், சர்வைவர் சீரிஸ் அன்று பாருங்கள் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். முட்டைக்குள்ளிருந்து வரப்போவது நான்தானோ என்று காலவே நடுங்கிக்கொண்டிருந்தாராம். பிறகு ஒரு நாள் போன் வந்தது. எடுத்தால் மறுமுனையில் வின்ஸ், 'அண்டர்டேக்கரா பேசுவது?' என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டார். 1990 நவம்பர் 22, கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்ட் நகரம், அந்த சர்வைவர் சீரிஸ் இரவு. அதே இரவில் முட்டையும் உடைந்தது, உள்ளேயிருந்து வான்கோழி உடுப்பில் ஒருவர் குதித்து வந்து நடனமாடினார். சனம் கூச்சல் போட்டுத் துரத்தியது. டெட் டிபியாஸியின் அணியில் மர்ம ஆளாக நம்மவர் வந்தார். கோகோ பி வேரைத் தலைகீழாகத் தூக்கி இறக்கினார், டஸ்டி ரோட்ஸையும் வெளியேற்றினார். முட்டை ஒரே ராத்திரியில் கேலிக்கூத்தாகி ஒழிந்தது. பிணத்துக்குப் பெட்டி செய்பவன் வேஷம் முப்பது வருடம் நின்றது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே அளவுக்கு அபத்தமான யோசனைகள்தான்.

அப்படியென்றால் எது நின்றது? நிதானம். நீங்கள் அந்தப் பழைய மேட்சுகளை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் ஓடி வருவார்கள், கத்துவார்கள், சட்டையைக் கிழிப்பார்கள், கையைக் காதில் வைத்துக் கைத்தட்டல் கேட்பார்கள். இவர் நடப்பார். சவ ஊர்வலத்துக்குரிய ஆர்கன் இசை, ஒரு அடி, ஒரு நிறுத்தம், இன்னொரு அடி. தொப்பியைக் கழற்றுவதற்கே அரை நிமிடம் எடுத்துக்கொள்வார். கழற்றும்போது கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரியும். அடித்தால் வலித்ததாகக் காட்ட மாட்டார். மல்லாந்து கிடப்பவர் இடுப்புக்கு மேலே மட்டும் கதவு திறப்பதுபோல் நிமிர்ந்து உட்காருவார். கழுத்தை மட்டும் திருப்பி எதிராளியைப் பார்ப்பார். எதிரில் நிற்பவரின் பயந்த முகம்தான் மிச்ச வேலையைச் செய்யும். இந்த உருவத்தை வைத்துக்கொண்டு எதிராளியின் கையை முறுக்கிப் பிடித்தபடி மேல் கயிற்றின் மீது ஏறி நடப்பாரே, அது ஒன்றே போதும். சர்க்கஸ்காரர்கள் வெறுங்காலில் செய்வதை இவர் கனத்த பூட்ஸோடு செய்தார். இத்தனைக்கும் அசைவுகள் எண்ணி எட்டுப் பத்துதான் இருக்கும். அதில் எதை எப்போது செய்யக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த விஷயத்தில் அவருக்கு இணையாக ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கூடவே ஒரு கலசத்தைத் தூக்கிக்கொண்டு கீச்சுக் குரலில் அழைக்கும் அவருடைய மேனேஜர் பால் பேரர். அவர் நிஜப் பெயர் வில்லியம் மூடி. ரெஸ்லிங்கில் நிஜமும் பொய்யும் எப்படிப் பின்னிக் கிடக்கும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர் உண்மையிலேயே உரிமம் பெற்ற இறுதிச் சடங்குப் பணியாளர். சவத்தைப் பதப்படுத்தி அலங்கரிக்கும் படிப்பு படித்தவர். 2013 மார்ச்சில் அவர் இறந்துபோனார். ஒரு மாதம் ஆவதற்குள் அவர் சாம்பல் என்று சொல்லி ஒரு கலசத்தைக் கதைக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள். எனக்கு அது உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது.

நம் கூத்தில் வேஷம் கட்டியவர் விடியும்வரை அந்த வேஷத்தின் மரியாதையைக் கெடுக்க மாட்டார். காலவேக்கு விடியவே பல வருடம் ஆனது. விமான நிலையத்திலும் கறுப்பு உடை. ஹோட்டல் வரவேற்பறையில் சிரிப்பு கிடையாது. பேட்டியே கொடுக்காமல் முதல் பத்து வருடத்தை ஓட்டினார். ஹோகன், மைக்கேல்ஸ், ஆஸ்டின், ராக் எல்லாரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர் வாயைத் திறக்கவில்லை. சக ரெஸ்லர்கள் நடுவே ஆள் வேறு மாதிரி. உள் சண்டைகளுக்குப் பஞ்சாயத்து பண்ணும் நாட்டாமை. 1997-ல் மான்ட்ரியலில் பிரெட் ஹார்ட்டை மேடையிலேயே ஏமாற்றி சாம்பியன் பெல்ட்டைப் பறித்தபோது, வின்ஸின் அறைக் கதவைத் தட்டி, வெளியே வந்து பிரெட்டிடம் பேசு என்று சொன்னவர் இவர்தான். வெளியுலகத்துக்கு இதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இனி உடம்புக்கு வருவோம். 'எல்லாம் டூப்பு' என்று சொல்பவர்களோடு நாம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அவர்களைவிட நாம்தான் இவர் உடம்பை அதிகமாக மறந்தோம். தன் முத்திரை அடியான டூம்ஸ்டோனை எப்படிப் போடுவார் என்று கவனித்திருக்கிறீர்களா? எதிராளியைத் தலைகீழாக நெஞ்சோடு அணைத்துத் தூக்குவார். அவர் தலை இவருடைய இரண்டு தொடைகளுக்கு நடுவில் இருக்கும். அப்படியே மண்டிபோட்டு விழுவார். சரியாகச் செய்தால் எதிராளியின் உச்சி தரையைத் தொடவே தொடாது, சில அங்குலம் மேலேயே நின்றுவிடும். அப்படியென்றால் அந்த இடி எங்கே போகிறது? இவருடைய முழங்கால்களுக்கு. நூற்று முப்பது கிலோவுக்கு மேலிருக்கும் தன் எடை, அதோடு தூக்கியவரின் எடை, இரண்டும் சேர்ந்து இரண்டு முட்டிகளில் இறங்கும். அடுத்தவர் கழுத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தன் முட்டியைக் கொடுத்தாக வேண்டும், அந்த அடியின் சூட்சுமமே அவ்வளவுதான். அதை வாரத்துக்குப் பல ராத்திரி, ஊர் ஊராக, வருடக்கணக்கில் செய்தார்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க் மேட்சை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் வேஷத்திலிருந்த மிக் ஃபோலியைப் பதினாறு அடி கீழே வர்ணனையாளர் மேஜை மீது எறிந்த மேட்ச். அதைப் பற்றிப் பேசும் எல்லாரும் ஃபோலியைப் பற்றித்தான் பேசுவார்கள், நியாயம்தான். ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து மறுபடி மேலே ஏறியவர், கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போடும் சோக்ஸ்லாமில் கூரைக் கம்பிவலையே பிய்ந்து ரிங்குக்குள் விழுந்தவர், உடைந்த பல்லோடு மேட்சை முடித்தவர். கூரை அப்படிப் பிய்யும் என்பது இருவருக்குமே தெரியாது. அதே ராத்திரியில் மேலே நின்று எறிந்தவருக்கும் பாதத்தில் எலும்பு முறிவு இருந்தது என்பதை யாராவது சொன்னார்களா? முறிந்த காலோடு கம்பிவலையில் ஏறி, காலடியில் தொய்ந்து ஆடும் கூரையில் நடந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு வரவில்லை. வரக் கூடாது, ஏனென்றால் அவர் செத்தவர். மற்ற ரெஸ்லர்களுக்கு வலித்தால் கத்துவதற்காவது உரிமை உண்டு. 1995-ல் கண்குழி எலும்பு உடைந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? முகத்துக்கு ஒரு சாம்பல் நிற மூடி செய்து போட்டு, அதையும் வேஷத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

வேஷத்தைக் கழற்ற அவர் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2000 மே மாதம் மோட்டார் சைக்கிளில் ஜீன்ஸும் தலைத்துணியுமாக வந்தாரே, உங்களில் பலருக்கு அது இன்றைக்கும் பிடிக்காது. பைக்காரர் வேஷம் அண்டர்டேக்கருக்கு அவமானம் என்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மூன்றரை வருடம்தான் மார்க் காலவே ரிங்குக்குள் கொஞ்சமாவது மார்க் காலவேயாக இருந்தார். மைக்கைப் பிடித்துப் பேசினார், கோபப்பட்டார், ஓடினார், சிரித்தார், வலித்தால் வலித்தது என்று காட்டினார். ஆனால் நாம் விட்டோமா? பழைய ஆளைக் கொண்டு வா என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். 2003 நவம்பரில் பைக்காரரை மண்ணில் புதைத்தார்கள். 2004 மார்ச் 14, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தீப்பந்தங்களும் பால் பேரரும் முன்னே வர, தொப்பியும் நீள அங்கியுமாக நாம் கேட்ட ஆள் வந்தார். நமக்கெல்லாம் புல்லரித்தது. அவர் மறுபடி அந்த உடைக்குள் போனபோது வயது 38.

இடையில் நம் நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஏப்ரலில் கிரேட் காளி அறிமுகமானதே இவரை அடித்துப் போட்டுத்தான். இமாச்சலத்திலிருந்து போன தலீப் சிங் ராணாவை அமெரிக்க ரசிகர்கள் ஒரே ராத்திரியில் அரக்கனாக நம்ப வேண்டும் என்றால் அதற்கு இவர் விழ வேண்டியிருந்தது. மே மாதம் மேட்சிலும் தோற்றார். எனக்குத் தெரிந்த பையன்களில் ஒருவனுக்கும் இந்தியன் ஜெயித்த சந்தோஷம் இல்லை. டென் ஸ்போர்ட்ஸ் சேனலை அணைத்துவிட்டுப் போனார்கள். புதிதாக வருபவரைப் பெரியவராக்க மூத்தவர் விழுந்து கொடுப்பது அந்தத் தொழிலில் ஒரு தர்மம். அதை அவர் முகம் சுளிக்காமல் செய்தார் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை.

பிறகு ரெஸில்மேனியாவில் அந்தத் தொடர் வெற்றி. 1991 ரெஸில்மேனியாவில், தன் இருபத்தாறாவது பிறந்தநாளன்று, ஜிம்மி ஸ்னூகாவை வென்றதில் ஆரம்பித்தது. முதல் பத்துப் பதினோரு வருடம் அதை யாரும் எண்ணவே இல்லை. அதில் ஒன்று ஜயன்ட் கொன்ஸாலஸோடு ஆடி, எதிராளி மயக்கமருந்துத் துணியை மூக்கில் அமுக்கியதால் தகுதிநீக்கத்தில் கிடைத்த 'வெற்றி'. அதைப் போய் யார் கணக்கில் வைப்பார்கள்? எண்ண ஆரம்பித்ததும்தான் வினை வந்தது. பெல்ட்டைவிட அந்த எண் பெரிதாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு மேட்ச், அந்த ஒன்றில் தோற்கக் கூடாது, அதுவும் போன வருடத்ததைவிட நன்றாக இருக்க வேண்டும்.

2009 ஏப்ரல் 5, சொந்த ஊரான ஹூஸ்டனில் ஷான் மைக்கேல்ஸோடு அரை மணி நேரம். இதுவரை நடந்த ரெஸில்மேனியா மேட்சுகளில் இதுதான் சிறந்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தனி மடல் எழுதுங்கள். ஆனால் அதில் ஒரு கணம் இருக்கிறது. மேல் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்கிறார். கீழே கேமராக்காரர் வேஷத்தில் நின்ற ரெஸ்லர் அவரைச் சரியாகப் பிடித்திருக்க வேண்டும். பிடி தவறியது. அந்த உடம்பு தலை குத்தித் தரையில் விழுந்தது. வயது 44. எழுந்து மிச்ச மேட்சையும் ஆடினார். அடுத்த வருடம் பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில், நுழைவில் வர வேண்டிய நெருப்பு அவர் மேலேயே வந்து கழுத்தும் மார்பும் வெந்தன. அந்த நீள அங்கி இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். மேட்சுக்காகக் காத்திருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றபடி பாட்டில் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு, முறை வந்ததும் இறங்கி ஆடினார். இதை நாம் எப்படிப் பேசினோம்? 'பாத்தியா, நெருப்பே ஒண்ணும் பண்ணல.'

2012-ல் மியாமியில், ட்ரிபிள் ஹெச்சோடு கூண்டு மேட்ச். நடுவராக மைக்கேல்ஸ். முடிந்ததும் மூன்று பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு மேடை ஏறித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தலைமுறையே முடிந்தது என்றுதான் அந்த மேட்சுக்கு விளம்பரமும் செய்திருந்தார்கள். அங்கே நிறுத்தியிருந்தால் குறைவென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இருபதுக்கு இருபது. ஆனால் இருபது ஆனால் இருபத்தொன்று வேண்டும், இருபத்தொன்று ஆனால் இருபத்திரண்டு.

2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ். பிராக் லெஸ்னர் மூன்றாவது முறையாகத் தன் முத்திரை அடியான எஃப்-5 போட்டு அமுக்கினார். நடுவர் மூன்று எண்ணினார். எழுபதாயிரம் பேருக்கு மேல் இருந்த அரங்கத்தில் சில நொடிகள் சத்தமே இல்லை. திரையில் 21-1 என்று எழுத்து வந்த பிறகுதான் நடந்தது என்னவென்று ஜனங்களுக்கு உறைத்தது. இந்த முடிவு சரியா தப்பா என்று பத்து வருடமாக வாதாடுகிறீர்கள். லெஸ்னருக்குக் கொடுத்திருக்கக் கூடாது, ஒரு இளைஞனுக்குக் கொடுத்திருக்கலாம், யாருக்கும் கொடுத்திருக்கவே கூடாது. நடுவே ஒன்று விட்டுப்போகிறது. அந்த மேட்சில் அவருக்கு மூளை அதிர்ந்து, அன்று பிற்பகலுக்குப் பிறகு நடந்த எதுவும் நினைவில் இல்லை. நம்மில் பலரும் எங்கே உட்கார்ந்து பார்த்தோம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுவரை சொல்லுவோம். ஆடியவர் அதைப் பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கிருந்துதான் நான் உங்களிடம் முறையிட வந்த கதை தொடங்குகிறது. 'இப்படியா முடிய வேண்டும்' என்று நாம் கேட்டோம். அவருக்கும் அதே கேள்வி. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ரைடு' ஆவணத் தொடரின் ஐந்து பகுதிகளும் கிட்டத்தட்ட இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகின்றன. ஒரு நல்ல மேட்சோடு போக வேண்டும். மேட்ச் நன்றாக அமைந்தால், இன்னும் தெம்பு இருக்கிறது, ஏன் போக வேண்டும்? மோசமாக அமைந்தால், இப்படியே எப்படிப் போவது? இரண்டு பக்கமும் கதவு பூட்டியிருந்தது.

2017-ல் ஒர்லாண்டோவில் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கையுறை, அங்கி, தொப்பி மூன்றையும் ரிங் நடுவில் மடித்து வைத்துவிட்டுப் போனார். தூக்கும் முயற்சி தவறி இருவரும் தடுமாறிய அந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பதிவைப் பார்த்துத் தன் மீதே அருவருப்பு வந்தது என்று அவர் அந்தத் தொடரில் சொல்கிறார். இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆனால் உடையைக் கழற்றி வைத்தவரை நாம் ஒரு வருடம்கூட விட்டுவைக்கவில்லை. 2018-ல் ஜான் சீனாவோடு மூன்று நிமிடத்துக்கும் குறைவாக ஒரு மேட்ச். பார்க்க நன்றாக இருந்தது, அதனால் இன்னும் கேட்டோம். அதே வருடம் நவம்பரில் சவுதி அரேபியாவில் நான்கு மூத்தவர்களின் மேட்ச், பாதியிலேயே ட்ரிபிள் ஹெச்சுக்கு மார்புத் தசை கிழிந்தது. 2019 ஜூன் 7, ஜெத்தாவில் கோல்ட்பர்கோடு. இவருக்கு 54, அவருக்கு 52. கோல்ட்பர்க் ஓடிவந்து கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டு ரத்தம் வழிய நிதானம் இழந்து நின்றார். அதற்கப்புறம் அவர் இவரைத் தூக்கிப் போட்ட ஜாக்ஹாமரில் இவர் தலை கிட்டத்தட்ட நேராகத் தரையில் வந்து இறங்கியது. கொஞ்சம் கோணம் மாறியிருந்தால் கழுத்து போயிருக்கும். ரசிகர்கள் பதினைந்து வருடமாகக் கனவு கண்ட ஜோடி அது. கேட்டதைக் கொடுத்தார்கள்.

கடைசியில் அவருக்கு வழி எப்படித் திறந்தது என்பதை யோசித்தீர்களா? கொரோனாவால். 2020 ரெஸில்மேனியாவுக்கு அரங்கமும் இல்லை, ஆளும் இல்லை. ஏ.ஜே. ஸ்டைல்ஸோடு நடக்க இருந்த மேட்சை ஒரு இடுகாட்டு செட்டில், ராத்திரியில், சினிமாபோல் படம் பிடித்தார்கள். ஒரு அடி, வெட்டு, இன்னொரு அடி. மூச்சு வாங்கினால் உட்காரலாம், சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம். பைக்காரரும் செத்தவரும் முதல் தடவையாக ஒரே ஆளாக அதில் வந்தார்கள். ஸ்டைல்ஸைக் குழியில் தள்ளி மண்ணைக் கொட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். அது போதும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நவம்பரில், ஹார்ட்ஃபர்ட் இரவுக்குச் சரியாக முப்பது வருடம் ஆன அன்று, காலி நாற்காலிகளுக்குப் பதில் திரைகளில் முகங்கள் தெரிந்த அரங்கில் பத்து மணியோசையோடு விடைபெற்றார். ஒளி வடிவில் பால் பேரரும் வந்துபோனார். நாம் யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு வருடத்தில்தான் அவரால் போக முடிந்தது. எழுபதாயிரம் தொண்டைகள் அங்கே இருந்து 'இன்னும் ஒரு தடவை' என்று கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் பக்கத்து வாதங்கள் தெரியும். 2022 ஏப்ரலில் டாலஸில், புகழ்மன்றத்தில் சேர்த்த அன்று, பேச்சின் முடிவில் அங்கியும் தொப்பியும் அணிந்து, வரவே மாட்டேன் என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி ஒரு கொக்கி வைத்தாரே? ஆமாம், வைத்தார். நல்ல ரெஸ்லர் பேச்சைக் கொக்கியில்தான் முடிப்பார், அது தொழில் பழக்கம். 2024 ரெஸில்மேனியாவில் திடீரென்று மணி அடித்து விளக்கு அணைந்து, ராக்கின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போட்டாரே? போட்டார். 59 வயதில் ஒரே ஒரு சோக்ஸ்லாம், மறுபடி விளக்கு அணைந்தது, ஆளைக் காணோம். நானும் வீட்டில் கத்தினேன். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பைக்கில் ஒரு சுற்று வந்து ரியா ரிப்ளிக்கு வாழ்த்துச் சொன்னாரே? சொன்னார். இப்படி வந்து தலை காட்டுவதும் இருபது நிமிடம் ஆடுவதும் ஒன்றில்லை. தலை காட்டும்போதெல்லாம் நீங்கள் மேட்ச் கேட்டால், தலை காட்டுவதையும் நிறுத்திவிட வேண்டியதுதான்.

கம்பெனியில் இப்போது வின்ஸ் இல்லை, கம்பெனியே கை மாறிவிட்டது, கோடிக்கணக்கில் கொடுக்க சவுதிக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நம் கூச்சல்தானே அவர்களுக்கு விலைப்பட்டியல்.

அவர் இப்போது சும்மாவும் இல்லை. ரெஸ்லிங் கற்கும் இளைஞர்களுக்குப் பயிற்சியாளராக ஒரு தொலைக்காட்சித் தொடரில் வருகிறார். பாட்காஸ்ட் நடத்துகிறார். ஊர் ஊராகத் தனி மேடையில் உட்கார்ந்து பழைய கதைகளைச் சொல்கிறார், கூட்டத்திலிருந்து கேள்வியும் வாங்கிக்கொள்கிறார். பத்து வருடம் வாயே திறக்காமல் இருந்த மனிதர், மடை திறந்ததுபோல் பேசுகிறார், ஜோக் அடித்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, மாயம் போச்சே என்று உங்களில் சிலர் வருத்தப்படுவதையும் கேட்டேன். போகட்டும், சிரிக்க விடுங்கள்.

உங்களில் யாருக்காவது அப்படி ஒரு மேடைக்கு எதிரே உட்காரும் வாய்ப்பு வந்தால், எப்போது மறுபடி ஆடுவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பிட்ஸ்பர்க்கில் அந்தக் காலோடு மேலே எப்படி ஏறினீர்கள், இறங்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்றினீர்கள் என்று கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்